செவியின் தீர்ப்பும் மார்க்கத்தின் தீர்ப்பும்

அறியாததைப் பகைப்பது மனித இயல்பு. இசையில் இவ்வியல்பு மிகத் தெளிவாக வெளிப்படும். பழகிய இசை இனிக்கும். பழகாத இசை இரைச்சலாகும். இரைச்சலென்று கருதியதையே பின்னர் மக்கள் நேசித்த வரலாறுகளும் உண்டு. இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே அத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் காண்கிறோம்.

ஹிஜ்ரி 64ஆம் ஆண்டில் (கி.பி. 683) நிகழ்ந்த முற்றுகையின்போது கஃபா தீக்கிரையாகிச் சேதமுற்றது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அதனைப் புதிதாகக் கட்டுவித்தார்கள். அப்பணியில் ஈடுபட்ட பாரசீகக் கொத்தர்கள் வேலையின் களைப்புத் தோன்றாதிருக்கத் தம் தாய்மொழியிற் பாடினர் என்றும், மக்காவைச் சேர்ந்த சயீத் இப்னு மிஸ்ஜஹ் என்பவர் அதனைக் கேட்டு, அம்மெட்டுகளை அரபுப் பாட்டுக்கு இசைவித்தார் என்றும் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி (897–967) தமது 'கிதாபுல் அகானி'யில் ஒரு செய்தி தருகிறார். இப்னு மிஸ்ஜஹ் அதனோடு அமையவில்லை. ஷாம் தேசம் சென்று ரோமர் இசையையும், பாரசீகம் சென்று அந்நாட்டிசையையும் பயின்றார். திரும்புகையில் அரபுப் பாட்டுக்கு ஒவ்வாதவற்றை விலக்கி, ஒத்தனவற்றை மட்டுமே கொண்டு வந்தார்.

புதுமையை எல்லோரும் வரவேற்கவில்லை. குறைஷி இளைஞரை இவர் கெடுக்கிறார் என்னும் முறையீடு கலீபா அப்துல் மலிக் (ஆட்சி: 685–705) வரை சென்றது. இப்னு மிஸ்ஜஹ் திமிஷ்குக்கு அழைக்கப்பட்டார். கலீபா அவரை முதலில் ஒட்டகமோட்டிகளின் 'ஹுதா'வைப் பாடச் செய்தார். அடுத்துப் பயணியர் பாட்டைக் கேட்டார். இறுதியிலேதான் புதிய கலைப்பாட்டைக் கேட்டார். கேட்டபின் அவரை மன்னித்து விடுவித்தார் என்பது அகானியின் செய்தி. இந்த வரிசை கருதத்தக்கது. பாலைவனத்தில் பிறந்த எந்த அரபியும் அறிந்த பாட்டிலே தொடங்கி, அறியாத பாட்டுக்குக் கலீபாவின் செவி படிப்படியாக ஏறிற்று. வெறுப்பு நீங்கும் வழி பெரும்பாலும் இதுவே.

இதனை எழுதும்போது எமது இளமை நினைவுக்கு வருகிறது. 1980களில் காவிரிக்கரை ஊர் ஒன்றில் யாம் ஓதிக்கொண்டிருந்தோம். வீதியில் திருமண ஊர்வலம் வரும். நாகசுரமும் தவிலும் முழங்கும். யாம் உடனே இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொள்வோம். இடையனின் குழலோசை கேட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் காதுகளில் விரலிட்டு வழிமாறிச் சென்றார்கள் என்று அபூதாவூதில் வரும் ஹதீஸைப் பின்பற்றுவதாக எமக்கு நினைப்பு.

ஆனால் அதே வீதியின் தேநீர்க் கடையில் நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் ஒலிநாடா ஒலிக்கும். அதிலும் இசைக்கருவிகள் உண்டு. அங்கே எமது விரல்கள் காதை நாடவில்லை. கால்கள்தாம் சற்றுத் தயங்கி நின்றன! அந்த முரண்பாடு அன்று எமக்குத் தோன்றவேயில்லை.

பிற்காலத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலைக் கற்பிக்க நேர்ந்தது. அதன் இரண்டாம் கால்பகுதியின் எட்டாவது நூல், இசை கேட்டலின் ஒழுக்கங்களைப் பற்றியது. அதில் மேற்படி ஹதீஸையும் இமாமவர்கள் ஆராய்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் காதை அடைத்தார்களேயன்றி, உடன் சென்ற நாஃபிஉ அவர்களின் காதை அடைக்கச் சொல்லவில்லை என்று சுட்டுகிறார்கள். சில நரம்புக் கருவிகளையும் குழற்கருவிகளையும் அவர்களும் விலக்கியே வைத்தார்கள். அவை இன்பந்தருவன என்பதற்காக விலக்கவில்லை. மது அருந்துவோர் அவையின் அடையாளங்களாய் இருந்தமையால் விலக்கினார்கள்.

யாம் ஈண்டு ஃபத்வா வழங்க முற்படவில்லை. தஃப் நீங்கலான கருவிகளை நான்கு மத்ஹபுகளின் இமாம்களுள் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) போன்றோர் கடுமையாகவே எழுதியுள்ளனர். பேணுதல் கருதி ஒருவர் முற்றிலும் விலகியிருப்பாராயின் அவர் மதிக்கத்தக்கவர். அப்பாடத்தால் எமக்குப் புலனானது வேறு. யாம் நாகசுரத்தை விலக்கியது பேணுதலால் அன்று. பேணுதலாயின் தேநீர்க் கடையிலும் விலகியிருப்போம். எமது செவிக்கு அது பழகவில்லை; அது மாற்றாரின் ஒலியென்று தோன்றிற்று. செவியின் தீர்ப்புக்கு மார்க்கத்தின் முத்திரையை யாமே குத்திக்கொண்டோம்!

உடன் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், பெயரெழுதாத ஒலிநாடா ஒன்றை ஒருநாள் தந்தார். அது நாகசுரம். கால்மணி நேரம் பொறுத்துக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தோம். "வாசித்தவர் யார் தெரியுமா ஹஜ்ரத்? ஷேக் சின்ன மௌலானா" என்றார். அக்கணமே மீண்டும் கேட்க விரும்பினோம். பெயர் கேட்டதும் வெறுப்புப் பாதி குறைந்தது. ஒலி மாறவில்லை, பெயர்தான் மாறிற்று. அதனை உணர்ந்தபோது நாணினோம்.

ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவதியில், வழிவழியாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். தஞ்சைப் பாணியின்மீது கொண்ட காதலால், நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் அதனைப் பயின்றார். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார்.

மும்முறை, நான்முறை கேட்டபின்னரே அந்த இசையின் அமைப்பு எமக்குப் பிடிபடலாயிற்று. சொல்லே இல்லாத ஆலாபனையில் ஒரு சுரத்தில் நெடிது தங்கி, அதனைச் சுற்றி வந்து, அடுத்ததற்கு மெல்ல ஏறுகிறார். திருக்குர்ஆன் ஓதுதல் இசையன்று. அதன் தகுதி வேறு. எனினும் எகிப்தியக் காரிகள் பயாத்தி, ஹிஜாஸ் முதலிய மகாம்களை உணர்ந்தே ஓதுவர். காரி முஸ்தபா இஸ்மாயில் (1905–1978) போன்றோரின் ஓதலில், குரல் படிப்படியாக உயரும் முறையை யாம் முன்னரே அறிவோம். அவ்வறிவே இங்கு எமக்குப் படியாயிற்று. கருநாடக இசை பயில்வோர் முதலிற் கற்கும் மாயாமாளவகௌளை ராகத்தின் சுரவரிசை, அரபு மகாம்களுள் ஹிஜாஸ்காரை மிக நெருங்கியது என்று பின்னர் அறிந்தபோது வியப்படைந்தோம். மாற்றாரின் வீடென்று கருதி ஒதுங்கிய இடத்தில் உறவினரைக் கண்டாற்போல் இருந்தது.

நம் முன்னோருக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) கண்ணிகளும் கீர்த்தனைகளும் ஆனந்தக்களிப்பும் பாடினார். சிந்து, கும்மி ஆகிய தமிழ் மெட்டுகளில் நம் புலவர்கள் தீனை மக்களின் நாவில் ஏற்றினர். இப்னு மிஸ்ஜஹைப் போலவே, அவர்களும் ஒத்ததைக் கொண்டனர், ஒவ்வாததை விட்டனர். ஆனால் இரண்டையும் கேட்டறிந்த பின்னரே அவ்வாறு செய்தனர்.

இன்றும் சில ஒலிகள் எமக்கு உவப்பதில்லை. எம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் பாட்டுகளும் அவற்றுள் அடங்கும். முன்னரெனின் உடனே "ஹராம்" என்றிருப்போம். இப்போது முதலில் எம்மையே ஒன்று வினவிக்கொள்கிறோம்: இதனை வெறுப்பது எமது இல்மா, அன்றி எமது செவியா? விடை கிடைக்கும்வரை வாய் திறப்பதில்லை.

அறியாமையைப் பேணுதலென்று மயங்காத தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.