கரும்புச் சாற்றில் ஓடிய கார்கள்

1973-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியபோது, தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த பிரேசில் திணறிப்போனது. கைவசம் இருந்தது கரும்பு. 1975 நவம்பரில் அதிபர் கெய்சலின் ராணுவ அரசு ‘ப்ரோஆல்கூல்’ திட்டத்தைத் தொடங்கி, கரும்பிலிருந்து எத்தனால் வடிக்க ஆலைகளுக்குக் கடனுதவி அளித்தது.

முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 கார் 1979-இல் விற்பனைக்கு வந்தது. குளிர்காலக் காலைகளில் எத்தனால் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் முரண்டு பிடிக்கும். அதற்காகவே பானெட்டுக்கு அடியில் சிறு பெட்ரோல் தொட்டி ஒன்றை வைத்தார்கள். முதலில் அதிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சினால்தான் வண்டி கிளம்பும். இந்தத் தொல்லையையும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள்: 1980-களின் நடுவில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் வண்டிகள்.

பிறகு எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரைக்குத் தாவின. 1989-இல் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் தீர்ந்துபோக, அரசை நம்பி வண்டி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். திட்டத்தின் மன்னிக்க முடியாத தவறு இதுதான். போன நம்பிக்கை திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. 2003-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் கார் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடியது; எதை நிரப்புவது என்ற முடிவு ஓட்டுநர் கைக்கு வந்தது.