மகமையும் பிடி அரிசியும்



பாடசாலைக்கு ஒரு தேவை வந்தால் நாம் முதலில் தேடுவது ஒரு தனவந்தரை. மருதானை ஸாஹிரா 1892இல் எழுந்ததும் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் போன்ற பெரியவர்களால்தான்.

தமிழ்நாட்டின் விருதுநகரில் நாடார் சமூகம் வேறு வழி கண்டது. வியாபாரிகள் விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஊர்ப் பொதுநிதிக்கு ஒதுக்கினார்கள். வீடுகளில் சமைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அப்படி வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் தகப்பனை இழந்த காமராஜர் படித்தார். படிப்பை முடிக்க முடியாத அவர், முதலமைச்சராகி 1956இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் மதிய உணவு கொடுத்தார்.

தனவந்தரின் காசில் கட்டடம் வரும். பிடி அரிசி கொடுத்த உம்மாவுக்கோ அது "எங்கட பள்ளிக்கூடம்".

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் தினமும் சாமான் வாங்குகிறோம். அதில் பிள்ளைகளுக்கு ஒரு பிடி ஒதுக்க மாட்டோமா?