வாகூர் வித்யாபோகமும் திண்ணைக் கணக்கும்: கல்விச் செலவை ஏற்றோர் குறித்த ஓர் ஆய்வு

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், வாகூர் கொம்யூனில் அமைந்துள்ளது கிருமாம்பாக்கம். இன்று அவ்வூர் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி, ராஜீவ் காந்தி பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றால் வெளியூராருக்கு அறிமுகமாகியுள்ளது. அருகிலுள்ள பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவ்வட்டாரத்தில் கல்வி என்றதும் கட்டணம் என்னும் சொல்லும் உடன் எழுவது இயல்பே. ஆயின் இதே வட்டாரத்தில் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தின் செலவு எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதற்குச் செப்பேட்டுச் சான்று உள்ளது. அச்சான்றையும் அதன் பின்வந்த சில ஏற்பாடுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், கட்டணம் எவ்வளவு என்ற வினாவுக்கு முன்னதாக, செலவு யார்மேல் ஏற்றப்பட்டது என்ற வினா நிற்பது புலனாகும். கணிதக் கல்வியைப் பொறுத்தவரை அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை, வேதக் கல்விக்குக் கிடைக்கும் விடையினின்றும் வேறுபட்டது.

வாகூர்ச் செப்பேடு

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியிடப்பட்டது வாகூர்ச் செப்பேடு. வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கொண்ட இதனை ஹுல்ஷ் 'எபிகிராபியா இண்டிகா' 18-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். நிலைதாங்கி என்னும் தலைவனின் விண்ணப்பத்தின் பேரில் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூர் வித்யாஸ்தானத்தார்க்கு வித்யாபோகமாக அளிக்கப்பட்டன என்பது இதன் செய்தி. கோயிலுக்குரிய கொடை தேவபோகம் எனப்பட்டது போல, கல்விக்குரிய கொடை வித்யாபோகம் எனப்பட்டது. கல்வியைக் கோயிற் செலவின் ஒரு கிளையாக அடக்காமல் தனித் தலைப்பாகக் கணக்கில் நிறுத்திய சொல்லாட்சி என்பதால் இது கருதத்தக்கது.

செப்பேட்டில் மாணவர் எண்ணிக்கை இல்லை. ஆசிரியர் ஊதியமும் இல்லை. இருப்பவை ஊர்களின் எல்லைகளும் இறைவிலக்குகளும் உரிமைகளுமே. ஊர்களின் விளைவிலிருந்து வரவேண்டியது இனி வித்யாஸ்தானத்தார்க்கு உரியது என்ற அளவில் ஆவணம் நின்றுவிடுகிறது; செலவிடும் முறை பெறுவோரின் பொறுப்பில் விடப்பட்டது. இவ்வேற்பாட்டை இலவசக் கல்வி என்று புகழும் வழக்கம் உண்டு. அப்புகழ்ச்சி பாதி உண்மையே. மாணவன் எதுவும் செலுத்தவில்லை என்பது சரி. ஆனால் மூன்று ஊர்களின் உழுகுடிகள் செலுத்தினர். அவர்களின் பிள்ளைகள் அந்நிலையத்தில் பயின்றனர் எனக் கொள்ளச் சான்றில்லை. அந்தணர் கல்விக்கு உழவரின் நெல் என்பதே அக்காலக் கொடை முறையின் பொதுவான அமைப்பு.

எண்ணாயிரமும் திருபுவனையும்

வாகூர்ச் செப்பேடு கூறாது விட்ட உள்விவரங்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தருகின்றன. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரக் கல்வெட்டு (1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு, எண் 333) 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஏற்பாடு செய்கிறது. இளநிலையில் 270 பேர். அவர்களுள் இருக்கு வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலுக்கு 40, எஞ்சியோர் பிற வேதப் பிரிவுகளுக்கு. உயர்நிலையில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாஞ்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10 என 70 பேர். இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். உயர்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது 10 நாழி. ஆண்டு ஒதுக்கீடு 10,506 கலம் நெல்லும் 61½ கழஞ்சு பொன்னும். இதற்கென 45 வேலி நிலம் குறிக்கப்பட்டது.

இவ்வெண்களைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பது பயன்தரும். 270 பேருக்கு 1,620 நாழி, 70 பேருக்கு 700 நாழி, ஆக நாளொன்றுக்கு 2,320 நாழி. கலத்துக்கு 96 நாழி என்ற கணக்கில் இது 24 கலத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் 8,700 கலம். மொத்த நெல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மாணவர் உணவுக்கே சென்றது என்பது இதனால் பெறப்படும். கற்பித்தலின் விலையில் ஒரு பகுதி பொன்னில் வைக்கப்பட்டது. வியாகரண, மீமாஞ்சை ஆசிரியர்களுக்கு அத்தியாயம் ஒன்றுக்கு ஒரு கழஞ்சு; முன்னதற்கு 8 அத்தியாயம், பின்னதற்கு 12. நடத்திய பாடத்தின் அளவுக்கு ஊதியம் என்னும் முறை தற்கால மணிநேர விரிவுரையாளர் முறையை நினைவூட்டாமல் இராது.

புதுச்சேரிப் பகுதிக்குள்ளேயே உள்ள திருபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-இல், 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி நிலத்திலிருந்து 12,000 கலம் நெல் கிடைக்க வகைசெய்யப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதினின்றும் விலக்களிக்கப்பட்டனர். நெல்லைப் போலவே காலமும் கல்விச் செலவில் அடங்கும் என்பதை அக்கல்வெட்டு உணர்ந்திருந்தது.

வித்யாஸ்தானம் என்னும் சொல் மரபில் 14 கல்வித்துறைகளைக் குறிக்கும். வேதாங்கங்களுள் ஒன்றாகச் சோதிடம், அதன்வழிக் கணிதம், அவற்றுள் அடங்கும். ஆனால் எண்ணாயிரத்து மாணவர் பட்டியலில் கணிதத்துக்கு ஒருவரும் குறிக்கப்படவில்லை. வேலியும் கலமும் கழஞ்சும் பிழையின்றிக் கூட்டிக் கழித்த கணக்கனின் கல்வி, அக்கணக்கால் பேணப்பட்ட கல்லூரியின் பாடமாக இல்லை.

திண்ணையில் கணக்கு

அக்கணக்கறிவு பிற்காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்டது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை மனனத்தின் வழியே பயிற்றிய அப்பள்ளிகளின் கணித மரபை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு 2022-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்குச் சுட்ட வேண்டியது, திண்ணையாசிரியர் பெற்றோர் தந்த காசிலும் தானியத்திலும் வாழ்ந்தவர் என்பதாகும். வேதத்துக்கு ஊர்கள் மானியமாக இருந்தன. கணக்குக்குக் கட்டணம் இருந்தது.

இதன் அளவை 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு காட்டுகிறது. அவரது 1826-ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர்; மாணவன் மாதந்தோறும் செலுத்தியது பொதுவாக 4 அணா முதல் 8 அணா வரை; ஆசிரியரின் மாத வருவாய் பெரும்பாலும் 6 அல்லது 7 ரூபாயைத் தாண்டவில்லை. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், கட்டணம் செலுத்த இயலாத வறுமையே பிள்ளைகள் பள்ளியைவிட்டு நீங்கக் காரணம் என 1823-இல் எழுதினார். மன்றோ பரிந்துரைத்த தீர்வு ஒரு கலப்பு முறை: தாசில்தாரி பள்ளி ஆசிரியருக்கு அரசு மாதம் 9 ரூபாய் தரும்; மீதியை அவர் மாணவரிடம் பெற்றுக்கொள்வார். வாகூர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் இக்கணக்கெடுப்பில் இடம்பெறவில்லை. எல்லைக்கு அப்பால் சில கல் தொலைவில் இருந்த கடலூர் வட்டாரம் எண்ணப்பட்டது.

1993-க்குப் பின்

உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993-இல் உச்சநீதிமன்றம் வகுத்த திட்டம் தொழிற்கல்லூரி இடங்களை இலவச இடம், கட்டண இடம் எனப் பிரித்தது. இதில் ஒரு மாணவனின் செலவை ஏற்பவர் உழவரோ அரசோ அல்லர். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இன்னொரு மாணவன். டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கின் தீர்ப்பு (2002) இத்திட்டத்தைத் தள்ளியது. இஸ்லாமிய அகாதெமி வழக்கின் தீர்ப்பு (2003) ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் கட்டணக் குழு அமைக்கப் பணித்தது. கல்லூரியின் செலவுக் கணக்கை ஆராய்ந்து, வளர்ச்சிக்கான நியாயமான உபரியை அனுமதித்து, கொள்ளை இலாபத்தையும் தலைவரி நன்கொடையையும் விலக்குவது இக்குழுக்களின் பணி. தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் 50 விழுக்காட்டு இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே இருத்தல் வேண்டும் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈடுசெய்பவர் யார் என்ற பழைய வினாவை மீண்டும் எழுப்பியது.

அதே 1993-இல் வேறொரு தொடக்கமும் நிகழ்ந்தது. பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறனறி திட்டம், கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்க்கு ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி அளித்தது. தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியால் நடந்த இத்திட்டத்தில் தேர்வானோரின் பயணம், தங்கல், உணவு ஆகியவை திட்டச் செலவாகவே ஏற்கப்பட்டன. கட்டமைப்பில் இது எண்ணாயிரத்துக்கு நெருக்கமானது: செலவு முன்னரே ஒதுக்கப்படுகிறது, மாணவன் பின்னர் வருகிறான். வேறுபாடு இரண்டு. நுழைவைப் பிறப்புக்கு மாற்றாகத் தேர்வு தீர்மானிக்கிறது. திண்ணையில் காசுக்கு விற்கப்பட்ட கணிதம் இங்குப் பொதுநிதி பெறுகிறது. இதற்கு மாறாக, கலிபோர்னியா மாநிலத்தின் கோடைக்கால கணித அறிவியல் பள்ளி, மாநில நிதியுடன் மாணவர் கட்டணத்தையும் பெற்று, வசதியற்றோர்க்கு நிதியுதவி வழங்குகிறது. இது மன்றோவின் கலப்பு முறையின் தொலைதூர உறவு.

கலப்பு முறையில் இடர் ஒன்று உண்டு. கட்டணச் சலுகை பெரும்பாலும் பயிற்றுக் கட்டணத்தையே கருதுகிறது. எண்ணாயிரத்துக் கணக்கோ பெருஞ்செலவு உணவில் இருந்ததைக் காட்டுகிறது. திருபுவனைக் கல்வெட்டு காலத்தையும் சேர்க்கிறது. வாகூர் வட்டாரத்து வேளாண் குடும்பத்துப் பிள்ளைக்கு மே மாதம் கூலிக்குரிய மாதமுமாகும். நான்கு வாரப் பயிற்சிக்குக் கட்டணம் சுழியம் என அறிவித்தாலும், சோறும் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் அக்குடும்பத்தின் கணக்கில் நிற்கின்றன. கட்டணக் குழுவின் முன் கல்லூரி சமர்ப்பிக்கும் செலவுப் பட்டியலில் இவற்றுக்கு நிரல் இல்லை.