அந்தரம் ஆபத்துக்கு ஓர் இலக்கம்: வீண் அழைப்புகளின் கதை

போன மாதம் எங்கள் கலந்துரையாடல் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, அம்புலன்சில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் இரண்டு கதைகள் சொன்னார்.

முதலாவது, இரவு ஒரு மணிக்கு வந்த அழைப்பு. "அப்பாவுக்கு நெஞ்சு நோ, கெதியா வாங்கோ" என்று ஒரு குரல். ஓடிப் போனால் அந்த ஒழுங்கையில் அப்படி ஒரு வீடே இல்லை. திருப்பி எடுத்தால் ஃபோன் நிப்பாட்டி இருக்கிறது. பெடியள் பகிடிக்கு எடுத்த கோல்.

இரண்டாவது, தனிய இருக்கிற ஒரு அம்மம்மா. நெஞ்சு இறுக்குது என்று எடுத்திருக்கிறா. கொண்டுபோய்ப் பார்த்தால் வெறும் வாய்வு. "உங்களை வீணா அலைக்கழிச்சுப்போட்டன் தம்பி" என்று அவ வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தவவாம்.

முதல் கதைக்கு நாங்கள் எல்லோரும் கோபப்பட்டோம். "பிடிச்சு உள்ளுக்கை போடவேணும்" என்றுகூட ஒருவர் சொன்னார். இரண்டாவது கதைக்கு எங்களால் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. அதுவும் வீண் அழைப்புத்தானே என்றோம். நண்பர் இல்லை என்றார். அப்படியென்றால் எது வீண், அதை யார் தீர்மானிப்பது? தேடிப் பார்த்தபோது இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு வயது என்று தெரிந்தது.

1935 நவம்பரில் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வைத்தியரின் வீடு தீப்பிடித்தது. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். தீயைக் கண்ட அயலவர் ஒருவர் தீயணைப்புப் படையைக் கூப்பிட ரெலிபோன் எடுத்தார். ஆனால் தொலைபேசி நிலையத்தில் அவருடைய அழைப்பும் மற்ற அழைப்புகளோடு சேர்ந்து வரிசையில் நின்றது. ஊர்ப்புதினம் கதைக்க எடுத்தவரும் வீடு எரியுது என்று எடுத்தவரும் அந்த வரிசையில் ஒன்றுதான். கோபம் தாங்காமல் அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் குழு அமைத்து விசாரித்தது. முடிவில் 1937 ஜூன் 30ஆம் திகதி 999 என்ற இலக்கம் பிறந்தது. முதலில் அது லண்டன் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் சந்தியைச் சுற்றி 12 மைலுக்குள் மட்டும்தான் வேலை செய்தது. 999 அடித்தால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், மணி கத்தும். வீதியோரக் கூண்டில் இருந்து எடுத்தாலும் காசு போடத் தேவையில்லை.

முதல் கிழமையில் 1,336 அழைப்புகள் வந்தன. அவற்றில் 91 பகிடிக்கு எடுத்தவை. வேறு கொஞ்சப் பேர் சாதாரண விசயத்துக்கு நிலையத்தோடு கதைக்க எடுத்திருந்தார்கள். அதாவது அவசர இலக்கமும் வீண் அழைப்பும் ஒரே கிழமையில் பிறந்த பிள்ளைகள். "இந்தக் காலத்துப் பெடியள்தான் கெட்டுப்போட்டாங்கள்" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனாலும் அந்த 91 அழைப்புகளுக்காக யாரும் 999ஐ மூடவில்லை. இலவசமாக, ஒரு கேள்வியும் இல்லாமல், யார் எடுத்தாலும் பதில் கிடைக்கும் என்பதுதான் அந்த இலக்கத்தின் பலம். வீண் அழைப்பு வருவதும் அதே வாசலால்தான். வாசலைச் சின்னதாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டலஸ் நகரத்தில், அவசரமில்லாத அழைப்புகளுக்கு அம்புலன்ஸ் ஓடுவதைக் குறைப்பதற்காகத் தாதியரை வைத்து அழைப்புகளை வடிகட்டினார்கள். நோக்கம் பிழையில்லை. 1984 ஜனவரியில் ஒருவர், தன் சிறியதாய் மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறா என்று கோல் எடுத்தார். வடிகட்ட இருந்த தாதி, நோயாளியோடு நேரே கதைக்க வேண்டும் என்று நின்றார். அவவால் கதைக்க முடியாது என்று மகன் சொன்னார். வாக்குவாதம் முற்றியது. கடைசியில் அம்புலன்ஸ் வந்தபோது தாய் உயிரோடு இல்லை. அந்த உரையாடல் ஒலிப்பதிவாகி இருந்தது. அது வெளியே வந்தபோது அமெரிக்காவே கொதித்தது.

வீண் என்று நினைத்துப் போகிற ஓட்டத்தில் வீணாவது நேரமும் எரிபொருளும். வீண் என்று நினைத்துப் போகாமல் விட்டால் அது ஒரு உயிராக இருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் போடமுடியாது.

இதற்கு இன்னொரு வழியும் அதே காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1970களின் கடைசியில், சோல்ற் லேக் சிற்றி என்ற நகரத்தில் ஜெஃப் குளோசன் என்ற வைத்தியர், அழைப்பை எடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். ஆள் முழிப்பா, மூச்சு வருதா, எங்கே நோ. பதிலைப் பொறுத்து எந்த வண்டி முதலில் போகவேண்டும் என்று தீர்மானிக்கலாம். வண்டி வரும்வரை என்ன செய்யவேண்டும் என்றும் ஃபோனிலேயே சொல்லிக் கொடுக்கலாம். டலஸில் கேட்ட கேள்வி, "வண்டி அனுப்பவா விடவா?" குளோசன் கேட்டது, "எதை முதலில் அனுப்புவது, அதுவரைக்கும் நான் என்ன உதவி செய்யலாம்?" பிறகு இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

பேச்சே இல்லாத அழைப்பையும் வீண் என்று தள்ளமுடியாது. பிரித்தானியாவில் கைத்தொலைபேசியில் 999 எடுத்துவிட்டுக் கதைக்க முடியாமல் இருப்பவர், 55 என்று அழுத்தினால் பொலிசுக்கு இணைப்புப் போகும். கொடுமை செய்கிறவன் பக்கத்திலேயே நிற்கும்போது ஒரு பெண் வாய் திறக்க முடியாது அல்லவா? அதே நாட்டில் 2023இல், ஃபோனில் வந்த அவசர உதவி வசதி ஒன்று தானாகவே 999ஐ அழைத்து, அழைப்புகள் குவிந்ததும் நடந்தது. இரண்டு மௌனமும் வெளியில் இருந்து கேட்டால் ஒன்றுதான்.

இனி எங்கட ஊருக்கு வருவோம். எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களிடம் "அந்த நாளில் நோயாளியை எப்படிக் கொண்டு போனீங்கள்" என்று கேட்டுப்பாருங்கோ. சைக்கிள் பாரில் இருத்தி, மாட்டு வண்டியில் படுக்கவைத்து, லாண்ட்மாஸ்டரில் ஏற்றி என்று கதை கதையாக வரும். ஊரடங்கு இரவுகளில் விடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்ததும் வரும். 2009இல் வன்னிக் கடற்கரையில் காயப்பட்டவர்கள் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கூப்பிட இலக்கம் இருக்கவில்லை. கூப்பிட்டால் வருவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

1990 சுவசெரிய சேவை 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. அதற்கு இந்தியா சுமார் 7.6 மில்லியன் டொலர் நன்கொடை கொடுத்தது. 2018 ஜூலை 21ஆம் திகதி, யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த நிகழ்வோடு அது வடக்குக்கும் வந்தது. பிறகு ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்து 297 வண்டிகளானது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாரதி, பயிற்சி பெற்ற ஒரு அவசர மருத்துவ உதவியாளர். காசு இல்லை. மூன்று மொழியிலும் கதைக்கலாம்.

ஒரு நாடு முழுவதற்கும் சில நூறு வண்டிதான். ஒரு வண்டி இல்லாத வீட்டைத் தேடி ஒழுங்கைக்குள் சுத்துகிற அரை மணித்தியாலத்தில், அந்தப் பகுதிக்கு அடுத்த வண்டி எத்தனை கிலோமீற்றர் தள்ளி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற எங்களுக்கு, ஒரு ஓட்டத்தின் விலை என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே பகிடிக் கோல் எடுப்பவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு மிச்சம் என்று அம்புலன்சைக் கூப்பிடுவதும் சரியில்லை. ஆனால் பயத்தில் எடுத்தவரை இவர்களோடு ஒரே கூடைக்குள் போடக்கூடாது. மாரடைப்பா வாய்வா என்று வைத்தியருக்கே பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அம்மம்மாவுக்கு எப்படித் தெரியும்?

எங்களால் செய்யக்கூடியது சின்ன விசயங்கள்தான். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், மயக்கம், திடீரென்று வாய் கோணுதல், நிற்காத இரத்தம், பாம்புக்கடி, பிள்ளைப்பேறு, விபத்து என்றால் யோசிக்காமல் எடுக்கவேண்டும். கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று வீட்டுக்கு அடையாளம் சொல்லவேண்டும். ஒராள் ஒழுங்கை வாசலில் ரோச் லைற்றோடு நிற்கவேண்டும். கைதவறி அழைப்புப் போய்விட்டால், பயந்து வைக்காமல் "தெரியாமல் போட்டுது" என்று சொல்லவேண்டும். வைத்துவிட்டால் அங்கே இருப்பவர் திருப்பி எடுத்துக்கொண்டே இருப்பார்.

அன்றைக்குக் கடைசியாக நண்பரிடம், அம்மம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்கள் என்று கேட்டோம்.

"அடுத்த முறையும் இப்பிடி இருந்தா உடன எடுங்கோ அம்மா, வெக்கப்பட்டுக்கொண்டு இருந்திடாதேங்கோ எண்டு சொன்னனான்" என்றார்.