தர்ராவும் அணுவும்

வானகரத்தில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஹஜ்ரத், நிறையும் ஆற்றலும் ஒன்றே என்பதைத் திருக்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டதல்லவா? தர்ரா என்றால் அணுதானே?" அவையினர் நம் ஆமோதிப்பை எதிர்நோக்கினர். ஆமெனச் சொல்ல நம்மால் இயலவில்லை.

ஸில்ஸால் அத்தியாயத்தில் வரும் 'தர்ரா'வுக்குப் பண்டை அரபு அகராதியார் தந்த பொருள் சிற்றெறும்பு. அல்லது சாளரத்துக் கதிரொளியில் மிதக்கும் துகள். அணுவுக்கு அச்சொல்லைச் சூட்டியது பிற்கால அரபு வழக்கு. பிளக்கவியலாத நுண்கூறு குறித்து வாதிட்ட முதகல்லிமூன்கள் அதனை 'ஜவ்ஹர் ஃபர்த்' என்றே அழைத்தனர். பின்னாளில் தோன்றிய பொருளை முன்னாளைய சொல்லின்மீது ஏற்றுவது தஃப்ஸீர் ஆகாது.

முன்னோரின் பெருமை வேறிடத்தில் உள்ளது. அல்பீரூனீ உலோகங்களின், மணிகளின் ஒப்படர்த்தியை அளந்தார். மர்வு நகரத்து அல்காஸினீ ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா' இயற்றி, பொருள்களைக் காற்றிலும் நீரிலும் நிறுக்கும் நுட்பத் தராசை விளக்கினார். நிறுத்த பின்பே உரைத்தல் அவர்தம் நெறி.

நிறை-ஆற்றல் உறவும் அந்நெறியாலேயே மெய்ப்பட்டது. ஒரு பொருள் ஆற்றலை வெளியிடின் அதன் நிறையும் குறையும் என 1905இல் ஐன்ஸ்டைன் கூறினார். வெளியேறிய ஆற்றலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே அக்குறைவு. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியம் கருவைப் புரோட்டானால் தாக்கினர். இரு ஹீலியம் கருக்கள் பிறந்தன. அவற்றின் கூட்டுநிறை முன்னதைவிடக் குறைந்திருந்தது; அதற்கு ஈடான ஆற்றல் அவற்றின் வேகத்தில் வெளிப்பட்டது.

நம் கல்பாக்கத்தில் முதல் மின் உலை 1983 ஜூலையில் தொடர்வினை எய்தியது. 220 மெகாவாட் உலையொன்று ஒருநாள் முழுத்திறனில் இயங்கினால் ஏறத்தாழ 52 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். வெப்பத்தில் பெரும்பகுதி மின்சாரமாகாமலே கழிகிறது. அதையும் சேர்த்தே எரிபொருளின் நிறையில் குறைவது ஒரு கிராமுக்கும் குறைவு. ஏனெனில் ஒரு கிராமுக்கு ஈடான ஆற்றல் இரண்டரைக் கோடி யூனிட். அவ்வில்லத்தில் நாம் அருந்திய சூடான தேநீரும், அதுவே ஆறிய பின் இருப்பதைவிடச் சற்றே நிறை மிக்கது. ஆனால் எந்தக் கடைத் தராசும் அவ்வேறுபாட்டைக் காட்டாது.

இறைவேதத்தை ஒவ்வொரு கண்டுபிடிப்போடும் முடிச்சிட்டால், நாளை ஆய்வு திருந்தும்போது எதைத் திருத்துவோம்? மிகச் சிறு செயலும் நிறுக்கப்படும் என்பதே அத்தியாயம் உணர்த்தும் எச்சரிக்கை. ஆராயாது சொல்லும் சொல்லும் அந்நிறுவையில் அடங்கும். நம் நாவையும் எழுதுகோலையும் அளவு தவறாது அல்லாஹ் காப்பானாக.