நீலகிரியில் பிளேக்கும் எலித் தடுப்பும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வீட்டுக்குள் எலி புகாமல் தடுப்பது நீலகிரி மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1896இல் பம்பாயில் வெளிப்பட்ட பிளேக் நோய் 1898இல் பெங்களூரையும் மைசூரையும் எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூரைத் தாக்கியது. கோவையில் இன்றும் வழிபாட்டில் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் சுவடுகள். மைசூருக்கும் கோவைக்கும் நடுவில் உள்ள நீலகிரியும் நோய்க்குத் தப்பவில்லை.

உதகை, குன்னூர் மேட்டுநிலங்களில் நெல் விளையாது. தோட்டத் தொழிலாளருக்கும் நகர மக்களுக்கும் வேண்டிய அரிசி கீழிருந்தே வந்தது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. மூட்டைகளோடு எலியும் அதன் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியும் மலையேற இவை வழியாயின. அரசின் கவனமோ பெரும்பாலும் பயணிகள் மீதே இருந்தது. சென்னை மாகாணத்தில், நோய் கண்ட ஊரிலிருந்து வருவோருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, பத்து நாட்கள் அதிகாரியிடம் நேரில் வந்து காட்டச் செய்தனர். அரிசி மூட்டைக்கு அப்படியொரு பாஸ்போர்ட் இல்லை.

தெள்ளு வழியாகவே நோய் பரவுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கராச்சியில் சோதித்துக் காட்டினார். அதைப் பலர் ஏற்கவில்லை. 1905இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் ஆய்வுக்குழுவின் சோதனைகளுக்குப் பிறகே அது நிலைபெற்றது.

தெள்ளிலும் வகை உண்டு. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட், 'அஸ்டியா' வகை பிளேக்கை அவ்வளவாகப் பரப்புவதில்லை என்றும் 'கியோப்பிஸ்' வகையே பெரும் ஆபத்து என்றும் விளக்கினார். அஸ்டியா மிகுந்த சென்னை நகரம் பெரிய அளவில் பாதிக்கப்படாததற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வெப்பமும் வறட்சியும் கூடினால் பிளேக் தணியும். ஈரமான குளிர்ச்சியில் நீடிக்கும். உடல்நலத்துக்கு உகந்ததென்று ஆங்கிலேயர் தேடிவந்த மலைக்குளிர் தெள்ளுக்கும் உகந்ததாயிற்று!

எலியைக் கொல்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எலி இறந்ததும் தெள்ளு அதைவிட்டு மனிதரைத் தேடிவரும். கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் மக்கள் வீட்டைக் காலிசெய்து வெளியில் குடிசை போட்டுத் தங்கியது இந்த வகையில் மிகச் சரியான செயல். 1940களின் பிற்பகுதியில் வந்த டி.டி.டி. மருந்து தெள்ளைக் கொன்றது. இந்தியாவில் பிளேக் ஒடுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலியோ போகவில்லை. தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள் ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அமைந்தவை. அங்கே ஒரு குடும்பம் மட்டும் பொந்தை அடைத்துப் பயனில்லை. வரிசை முழுவதும் அடைக்க வேண்டும். கதவடியில் தகரம் அடிப்பது, சுவரில் குழாய் நுழையும் இடத்தைச் சிமெண்டால் பூசுவது, அரிசியை மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் வைப்பது, விறகைச் சுவரோரம் அடுக்காமல் இருப்பது ஆகியவை இன்றும் பயன்தரும் முறைகள். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர்.