கோயில் எதற்கு?



வரலாற்றுப் பாடவேளையில் "கோயில் எதற்கு?" என்று மாணவர்களிடம் வினவினேன். "சாமி கும்பிட, ஐயா!" என்று வகுப்பே ஒரே குரலில் விடை கூறியது. தவறான விடையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று.

பண்டைய ரோமாபுரியின் பொதுச் சதுக்கத்தில் சாத்தர்ன் தேவனுக்கு ஒரு கோயில் இருந்தது. குடியரசின் கருவூலம் அதனுள்ளேதான் இருந்தது. அருகிலிருந்த கான்கார்டு தேவியின் கோயிலில் செனட் சபை கூடியதுண்டு. ரோமானியர் வழிபாட்டிடத்தையும் ஊர்ப் பணியையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் முன்னோரும் அவ்வாறே. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், குடவோலைத் தேர்தலின் விதிகள் பொறிக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று.

இனி நம் கோலாலம்பூருக்கு வருவோம். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873ஆம் ஆண்டு தம்புசாமி பிள்ளையால் நிறுவப்பட்டது. முதலில் இரயில் நிலையத்தின் அருகே இருந்த அது, 1885இல் இப்போதைய துன் எச்.எஸ்.லீ சாலைக்கு இடம்பெயர்ந்தது. தம்புசாமி பிள்ளை கோயிலோடு நின்றுவிடவில்லை. 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் உருவாகத் துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர். பத்துமலை முருகன் வழிபாட்டுக்கு வித்திட்டவரும் அவரே. அங்கு 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது.

மாரியம்மன் கோயில் தொடக்கத்தில் அவர்தம் குடும்பத்தின் வழிபாட்டிடமாகவே இருந்தது. 1920களின் இறுதியில்தான் அதன் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. பிறகு நிர்வாகமும் குடும்பத்தின் கையிலிருந்து பொதுக் குழுவிடம் சென்றது. இக்கோயிலின் வரலாற்றில் ஐந்து நிலை இராஜகோபுரத்தைவிட இதையே நான் பெரிய நிகழ்வாகக் கருதுகிறேன். ஒரு குடும்பத்தின் உடைமை ஒரு சமூகத்தின் பொறுப்பாக மாறிய காலம் அது.

இன்று அதே தேவஸ்தானமே பத்துமலைக் கோயிலையும் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலையும் நிர்வகிக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி வெள்ளி இரதம் இக்கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும்போது நகரச் சாலைகள் அதற்கு வழிவிடுகின்றன. தண்ணீர்ப் பந்தல் அமைப்போர், குப்பை அள்ளுவோர், போக்குவரத்தைச் சீர்செய்வோர் எனப் பலரும் உழைக்கின்றனர். அதுவும் ஊர்ப் பணிதான்.

பொதுக் கோயில் என்றால் நமக்கும் அதில் பங்குண்டு. எந்தக் கோயிலாயினும் உறுப்பினராகச் சேர்வதும், கூட்டத்திற்குச் செல்வதும், கணக்கைப் பணிவோடு கேட்பதும் பக்திக்கு முரணானவை அல்ல. அவை உத்திரமேரூர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

சாத்தர்ன் கோயிலில் இன்று எட்டுத் தூண்கள் மட்டுமே நிற்கின்றன. அதைத் தம்முடையது என்று பேண இன்று ஒரு சமூகம் இல்லை. நம் கோயிலுக்கு அந்நிலை வராதிருக்க, அடுத்த தலைமுறை கும்பிடக் கற்றால் மட்டும் போதாது.

என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன்: "உங்கள் வட்டாரக் கோயிலை யார் கட்டினார்கள், இன்று யார் நடத்துகிறார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்." வாசகர்களும் தத்தம் ஊர்க் கோயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.